கத்தியும் வேற்றுமையும்

மாந்தன் முதன்முதலாகச் செய்துகொண்ட கருவிகளுள் கூரிய விளிம்புடைய கல்லும் ஒன்றாகும். கல்லாக இருந்தது வெண்கலமாயிற்று, வெண்கலம் இரும்பாயிற்று, இரும்பு எஃகாயிற்று. பொருள் மாறியதேயன்றிப் பணி மாறவில்லை. பிரிக்க வேண்டியதைப் பிரிப்பதே கத்தியின் வேலை. அக்கத்தியை இரண்டாக மடித்து, அலகைப் பிடிக்குள் ஒடுக்கி, உடன் எடுத்துச் செல்லும் வழக்கமும் மிகப் பழையதே. உரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் இன்றும் காட்சிச்சாலைகளில் காணக் கிடைக்கின்றன.

நம் காலத்தில் இப்பழைய வழக்கம் ஒரு புதிய கோலம் பூண்டுள்ளது. கைக்கடிகாரம், எழுதுகோல், சிறு கைவிளக்கு, மடக்குக் கத்தி ஆகியவற்றை நாள்தோறும் உடன் கொண்டு செல்வதையும், அவை ஒவ்வொன்றையும் தேர்ந்து வாங்குவதையும் ஒரு கலையாகவே போற்றுவோர் பெருகி வருகின்றனர். அமெரிக்க நாட்டில் வேரூன்றிய இந்நாட்டம் நம் இளைஞர் சிலரையும் பற்றியுள்ளது. இருபது வெள்ளிக்கும் மடக்குக் கத்தி உண்டு. ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்கு மேலும் உண்டு. இரண்டும் கயிற்றை அறுக்கும். இரண்டும் மாம்பழத்தை நறுக்கும். பணி ஒன்றாயிருக்க விலை மட்டும் இத்துணை வேறுபடுவது முறையா? அவ்வளவு விலை கொடுத்து ஒரு கத்தியைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமையா, ஆடம்பரமா?

சிறு பொருள் பற்றிய சிறு கேள்வி போல் இது தோன்றலாம். ஆயினும், மனிதனுக்கும் அவன் கைப்பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வுறவைச் சொல்ல நம் தமிழ் இலக்கணத்திலேயே தெளிவான பெயர்கள் உள்ளன. கத்தியால் வெட்டினான் என்பது மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருள். எனது கத்தி என்பது ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருள். கத்தியோடு வந்தான் என்பது மீண்டும் மூன்றாம் வேற்றுமை. அதன் உடனிகழ்ச்சிப் பொருள். வகுப்பறையில் நாம் நாள்தோறும் சொல்லித் தரும் இம்மூன்று உறவுகளையும் அளவுகோலாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

கத்தியால்

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் முதற் பகுதியில் ஒரு கத்தியைச் சான்றாகக் காட்டுகிறார். திராட்சைக் கொடியின் கிளையைப் போர்வாளாலும் வெட்டலாம். வேறு கத்திகளாலும் வெட்டலாம். ஆயினும் அதற்கென்றே செய்த கவாத்துக் கத்தி வெட்டுவதுபோல் வேறெதுவும் செம்மையாக வெட்டாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய பணி ஒன்று உண்டு. அப்பணியைச் செவ்வனே செய்வதே அப்பொருளின் சிறப்பு. இதை நிறுவிய பின்னரே சாக்ரடீசு மனித உயிருக்குரிய பணி யாது என்னும் வினாவுக்குச் செல்கிறார்.

அவ்வாறாயின், நாள்தோறும் உடன் கொண்டு செல்லும் மடக்குக் கத்தியின் பணி யாது? அஞ்சலில் வந்த பொதியைப் பிரித்தல், கயிறு அறுத்தல், பழம் நறுக்குதல், பென்சில் சீவுதல், துணியில் தொங்கும் நூலைக் கத்தரித்தல் ஆகிய இவைபோன்ற எளிய பணிகளே. இப்பணிகளுக்கு நான்கு பண்புகள் வேண்டும். அலகு நன்கு அறுக்க வேண்டும். அறுக்கும் கூர் நெடுநாள் நிலைக்க வேண்டும். பயன்படுத்தும்போது அலகு விரல்மீது மடங்காதிருக்க வேண்டும். நம் நாட்டின் ஈரக் காற்றில் துருப்பிடிக்காதிருக்க வேண்டும். விலை உயர உயர இந்நான்கும் உயர்கின்றனவா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பிரான்சு நாட்டுச் சவாய் மலைப் பகுதியில் 1890ஆம் ஆண்டு சோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரத்தில் கடைந்த பிடி, மெல்லிய அலகு, ஓர் ஆணி. இவ்வளவே அதன் உறுப்புகள். அலகு தானே மடங்காதவாறு தடுக்கும் சுழல் வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. குடியானவனும் இடையனும் தம் பையில் வைத்துக்கொள்வதற்கென்றே தோன்றிய கத்தி அது. இன்றும் அதன் விலை மிகக் குறைவு.

மற்றொன்று, தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1989இல் அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் என்னும் கத்தி வினைஞர் வகுத்தது. அதன் பெயர் செபென்சா. பிடி முழுவதும் டைட்டானியம் என்னும் இலேசான, துருவேறாத உலோகம். அப்பிடியின் ஒரு பக்கத்தையே ஓரளவு பிளந்து வில்போல் வளைத்து, விரிந்த அலகின் அடியில் சென்று முட்டுக் கொடுக்குமாறு அமைத்திருக்கிறார். தனியாக ஒரு பூட்டு அதில் இல்லை, பிடியே பூட்டு. உடையவரே திருகாணிகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டலாம். இன்று அதன் விலை 400 அமெரிக்க டாலருக்கு மேல்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி எஃகில் இருக்கிறது. எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் கலந்தால் அது துருவை எதிர்க்கும் எஃகாகும். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டு ஆரி பிரியர்லி செய்த ஆய்வு இவ்வகை எஃகு பரவ வழிவகுத்தது. பிற்காலத்தில், உருகிய எஃகை நுண்துளிகளாகச் சிதறடித்துப் பொடியாக்கி, அப்பொடியை மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீண்டும் கட்டியாக்கும் முறை வந்தது. இதனால் எஃகினுள் இருக்கும் கடினத் துகள்கள் சிறியனவாகவும் சீராகவும் அமைகின்றன. ரீவின் பங்களிப்போடு 2001இல் வெளிவந்த எஸ்30வி என்னும் எஃகும், 2021இல் லாரின் தாமஸ் என்னும் உலோகவியல் அறிஞர் வகுத்தளித்த மேக்னாகட் என்னும் எஃகும் இம்முறையில் உருவானவை. ஒரு முறை தீட்டினால் இவற்றின் கூர் சாதாரண எஃகின் கூரைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கும். ஆதலின், விலை உயர்வு முழுவதும் வெறும் பகட்டென்று தள்ளிவிட இயலாது.

ஆயினும், இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூர் நெடுநாள் நிற்பது எஃகினால். ஆனால், அறுப்பது அலகின் வடிவத்தால். அலகு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதில் அது பொருளினுள் புகும். விலை மலிந்த ஒப்பினெல்லின் மெல்லிய அலகு ஓர் ஆப்பிளை நறுக்கும் நேர்த்தியை, அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் விலையுள்ள பல தடித்த கத்திகளிடம் காண முடியாது. இன்னும் ஒன்று: எஃகின் பெயர் உயர்ந்ததாயிருந்தும் அதற்குப் பதமிட்ட கை தவறினால் பயனில்லை. ஒரே எஃகு, பதம் அறிந்தவர் கையில் ஒரு தரமும் அறியாதவர் கையில் வேறொரு தரமும் பெறும். மேலும், கடினமான எஃகு தேய்வதற்கு எவ்வளவு மறுக்கிறதோ, தீட்டுவதற்கும் அவ்வளவு மறுக்கும். வனேடியம் மிகுந்த எஃகைச் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டுவது பெரும்பாடு. வைரத்துகள் பதித்த தகடு வேண்டும். எதிர்ப்புறத்தில், கரிம எஃகில் செய்த ஒப்பினெல் நம் நாட்டு ஈரத்தில் விரைவில் கறுத்துத் துருவேறும். அதன் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதினால் அலகைத் திறப்பதே அரிதாகும். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறையாக இருக்கிறது.

அமெரிக்க அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899இல் வெளியிட்ட ஓய்வு வகுப்பினர் பற்றிய தம் நூலில் கரண்டியைக் காட்டி வாதிடுகிறார். கையால் அடித்துச் செய்த வெள்ளிக் கரண்டியின் விலை பத்திருபது டாலர். பொறியில் வார்த்த அலுமினியக் கரண்டியின் விலை பத்திருபது காசு. உணவை வாய்க்குக் கொண்டு செல்லும் பணியில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. நாம் அழகு என்று போற்றுவதில் பெரும்பகுதி, அதற்குக் கொடுத்த விலையைப் போற்றுவதே என்பது அவர் முடிவு.

இவ்வாதம் கத்திக்கு முழுதும் பொருந்தாது. கரண்டிக்குக் கூர் இல்லை, கத்திக்கு உண்டு. இருபது வெள்ளிக் கத்திக்கும் இருநூறு வெள்ளிக் கத்திக்கும் இடையே கை உணரும் வேறுபாடு இருக்கிறது. பூட்டின் உறுதியில், அச்சின் அசைவின்மையில், கூரின் நிலைப்பில் அது புலப்படும். இருநூற்றிலிருந்து ஆயிரத்திற்குச் செல்லும்போது வேறுபாடு குறுகுகிறது. ஆயிரத்திற்கு அப்பால், பிடியில் பதித்த முத்துச்சிப்பிக்கும், அலகில் ஓடும் அலைக்கோலத்திற்கும், இத்தனைதான் செய்யப்பட்டன என்னும் அருமைக்கும் நாம் விலை கொடுக்கிறோம். அங்கே வெப்லன் சொன்னது முற்றும் பொருந்துகிறது. ஆகவே, விலை பணியை உயர்த்தும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லை எங்குள்ளது என்று அறிவதே தேர்வின் முதற்படி. அதனை விற்பவர் சொல்லார். நம் பணிதான் சொல்லும்.

எனது கத்தி

ஆறாம் வேற்றுமைக்கு வருவோம். கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இலக்கண நூலார் இருவகைப்படுத்துவர். என்னின்று பிரியாதது தற்கிழமை. எனது கை என்பது போல. என்னின்று வேறாய் நிற்பது பிறிதின்கிழமை. முருகனது வேல் என்பது போல. முருகனுக்கே வேல் பிறிதின்கிழமை என்றால், நமக்கு நம் கைப்பொருள் எம்மாத்திரம்! ஆனால், ஆசையின் இயல்பு பிறிதின்கிழமையைத் தற்கிழமையாக மயங்கச் செய்வது. இதை வைத்திருப்பவன் நான் என்னும் எண்ணம் மெல்ல மெல்ல, இதனால்தான் நான் என்னும் எண்ணமாகத் திரிகிறது.

என்னிடம் பயின்று, இன்று தொழிற்சாலை ஒன்றில் பொறிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். பேச்சினிடையே, “ஐயா, நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்க ஓராண்டாகப் பணம் சேர்த்து வருகிறேன். விலையைக் கேட்டால் வீட்டில் ஏசுகிறார்கள். நான் செய்வது தவறா?” என்று கேட்டார். அவர் குறிப்பிட்ட விலை 1,600 வெள்ளி. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். ஓர் உழைப்பாளி ஒரு திங்கள் முழுதும் பெறும் கூலிக்கு ஏறத்தாழ நிகரான தொகையை ஒரு கத்திக்குக் கொடுக்கலாமா என்னும் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நான் உடனே விடை கூறவில்லை. “அதை வாங்கினால் எங்கே வைத்துக்கொள்வாய்?” என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “கீறல் விழாமல் பெட்டியில்தான் வைப்பேன், ஐயா. தொழிற்சாலைக்குப் பழைய கத்தியையே கொண்டு செல்வேன்” என்றார்.

செபென்சா என்பது சூலு மொழிச் சொல். அதன் பொருள் வேலை. அதனைப் போலவே, அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு ஸ்பைடர்கோ நிறுவனம் சட்டைப்பை விளிம்பில் செருகும் கொக்கியோடும், ஒரு கையால் திறப்பதற்கான துளையோடும் வெளியிட்ட முதல் மடக்குக் கத்திக்குத் தொழிலாளி என்னும் பொருளுடைய பெயரே இடப்பட்டது. செய்தவர்கள் வேலை என்றும் தொழிலாளி என்றும் பெயரிட்டார்கள். வாங்குவோரிற் பலர் அவ்வேலையைப் பெட்டிக்குள் உறங்க வைக்கிறார்கள். விலை மிகுதியால் பயன்படுத்த அஞ்சும் கருவி, கருவிப் பொருளை இழந்து கிழமைப் பொருளில் மட்டும் நிற்கிறது. அது அறுப்பதில்லை, உடையவனை மட்டுமே கட்டிப்போடுகிறது.

இதனை நம் ஔவையார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்த்திவிட்டார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவர்க்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் அழகாக இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாடல் கூறும் இச்செய்தியைப் புகழ்வதுபோல் பழித்ததற்கும் பழிப்பதுபோல் புகழ்ந்ததற்கும் சான்றாக வகுப்பில் நடத்துகிறோம். அதன் உள்ளே இருக்கும் மதிப்பீட்டையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பயன்பட்டுத் தேய்ந்த கருவியே சிறந்தது; பேணப்பட்டுப் பளபளக்கும் கருவி தன் பணியை இன்னும் தொடங்கவேயில்லை.

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் விளக்கொளியில் அமர்ந்து அவர் தம் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டும் ஓசையைக் கேட்டே நாங்கள் கண்விழிப்போம். இரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. பட்டையைத் தாள் போன்று சீவ வேண்டும், படலத்தைத் தொடலாகாது. தொட்டால் மரம் காயம்பட்டுப் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் இம்முறையை, 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பேற்ற ரிட்லி வகுத்துப் பரப்பினார். அவர் வகுத்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் முன்னோர். அந்தக் கத்திக்குப் புகழ்பெற்ற பெயர் எதுவும் இல்லை. ஆனால், மழுங்கிய கத்தியோடு என் தந்தையார் ஒருநாளும் மரத்தருகே சென்றதில்லை. “மழுங்கின கத்தி மரத்தையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்” என்பார். கருவிக்குச் செய்யும் மரியாதை என்பது அதனைத் தீட்டி வைத்தலே என்று நான் அவரிடம் கற்றேன். ஆயுத பூசை நாளில் அக்கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் கிடைக்கும். மறுநாள் விடியலில் அது மீண்டும் பட்டையைச் சீவும். பூசை பெற்ற காரணத்தால் அதற்கு வேலையினின்று விடுதலை கிடைத்ததில்லை.

இவ்வளவும் கூறுவதால், மலிந்ததே அறம், விலை மிக்கது பாவம் என்று முடிவு கட்டலாகாது. சிக்கனம் என்னும் பெயரால் நாம் செய்யும் தவறுகளும் உண்டு. ஆறு திங்களில் பூட்டு தளர்ந்து குப்பைக்குச் செல்லும் கத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்குவோன், ஒரு நல்ல கத்தியை இருபது ஆண்டுகள் ஆள்பவனைவிடச் சிக்கனமானவன் அல்லன். அவன் பூமியின் இரும்பையும் வீணாக்குகிறான். மேலும், ஒரு வினைஞர் பல ஆண்டுகள் முயன்று வகுத்த வடிவத்தை அவர் பெயரோடும் முத்திரையோடும் திருடிப் போலி செய்து, பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பதை இன்று இணைய அங்காடிகளில் காண்கிறோம். மலிவு கருதி அப்போலியை வாங்குபவன், களவுப் பொருளைக் களவென்று அறிந்தே வாங்குபவன் ஆவான். கைவினைஞனுக்குரிய கூலியைக் கொடுக்க மறுத்துவிட்டு எளிமை பேசுவது எளிமையன்று. நேர்மையான உழைப்புக்கு நேர்மையான விலை கொடுப்பதும் அறமே.

அவ்விளைஞருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “வீட்டுக்குரிய செலவைக் குறைக்காமல், கடன்படாமல், உன் உழைப்பின் மிச்சத்தில் வாங்குவதாயின் தவறில்லை. ஆனால், தொழிற்சாலைக்கு எதைக் கொண்டு செல்ல உனக்கு மனம் வருமோ, அதை வாங்கு. கீறல் விழுந்தால் உன் மனம் கீறுமாயின், அது உன் தகுதிக்கு மேற்பட்ட கத்தி. பணத்தால் மட்டும் தகுதியை அளக்காதே. அஞ்சாமல் பயன்படுத்தும் மனமும் தகுதிதான்.” அவர் இருநூறு வெள்ளிக்குட்பட்ட கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டதாகப் பின்னர்த் தெரிவித்தார்.

கத்தியோடு

மூன்றாவது உறவு உடனிகழ்ச்சி. கத்தியால் வெட்டினான் என்றால் பிறர் அஞ்சுவதற்கில்லை; வெட்டியது வாழைக்காயாக இருக்கலாம். எனது கத்தி என்றாலும் அஞ்சுவதற்கில்லை; அது பெட்டியில் இருக்கலாம். கத்தியோடு வந்தான் என்று சொன்னால் மட்டும் கேட்பவர் நெஞ்சம் சற்றுத் திடுக்கிடுகிறது. ஒரே கத்தி, ஓர் உருபு மாறியதும் கருவியினின்று ஆயுதமாகிறது. ஆதலின், தேர்ந்து வாங்குவதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. உடன் கொண்டு செல்லும்போது அது மீண்டும் தொடங்குகிறது.

நம் மலேசிய நாட்டில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய சட்டம், சட்டப்படியான நோக்கமின்றித் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருத்தலைக் குற்றமாக்குகிறது. நோக்கம் என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. பழத்தோட்டத்திற்குச் செல்பவன் கையிலுள்ள கத்திக்கு நோக்கம் உண்டு. கால்பந்தாட்டம் காணச் செல்பவன் பையிலுள்ள கத்திக்கு நோக்கம் யாது? “தற்காப்புக்காக” என்று விடை கூறுபவன், தன் கருவியைத் தானே ஆயுதம் என்று ஒப்புக்கொள்கிறான். இருபது வெள்ளிக் கத்தியாயினும் இரண்டாயிரம் வெள்ளிக் கத்தியாயினும் சட்டத்தின் முன் வேறுபாடில்லை.

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், மூன்று அங்குலத்திற்கு மேற்படாத கூருடைய மடக்குக் கத்தியைக் காரணம் கூறாமலே எடுத்துச் செல்ல இசைகிறது. ஆனால், விரித்த அலகு பூட்டிக்கொள்ளுமாயின் அது மடக்குக் கத்தி ஆகாது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடையவனின் விரலைக் காக்கும் பூட்டு, அயலானுக்கு அச்சந் தரும் உறுப்பாகக் கருதப்படுகிறது. இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. என் வசதி பிறர் அச்சத்திற்கு இடமாகும்போது, விட்டுக்கொடுக்க வேண்டியது என் வசதியே என்பது சட்டம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கருவிக்கும் ஆயுதத்திற்கும் உள்ள வேறுபாடு வடிவத்தில் மட்டும் இல்லை என்பதற்குச் சுவிட்சர்லாந்து ஒரு சான்று. கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் இபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்திகள் வழங்கினார். படைவீரனுக்குரிய கத்தி என்றதும் பகைவனைக் குத்துவதற்கென்று நாம் எண்ணுவோம். அதுவன்று. தகர டப்பாவைத் திறக்கும் அலகும், துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பதற்கான திருப்புளியும், துளையிடும் ஊசியும் அதில் இருந்தன. படைவீரன் கையிலும் கத்தி கருவியாகவே இருக்க இயலும் என்பதற்கு இது போதிய எடுத்துக்காட்டு.

சப்பான் நாட்டின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கு மிகி நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செய்யப்பட்டு வரும் இகோனோகாமி என்னும் எளிய மடக்குக் கத்தி, ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவர் பலரின் பையிலும் இருந்தது. அதனால் அவர்கள் பென்சில் சீவினர். மூங்கிலில் விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். 1960 அக்டோபர் 12ஆம் நாள், பொதுவுடைமைச் சார்புடைய சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா பொதுக்கூட்ட மேடையிலேயே பதினேழு வயது இளைஞன் ஒருவனின் குறுவாளுக்கு இரையானார். அதன்பின் சிறுவர் கையில் கத்தி கொடுக்கலாகாது என்னும் இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பென்சில் சீவும் கத்தி வகுப்பறையை விட்டு வெளியேறியது. கொலைக்குப் பயன்பட்டது குறுவாள். வெளியேற்றப்பட்டது பென்சில் கத்தி. பிள்ளைகளைக் காக்க விழைந்த பெற்றோரின் அச்சம் இயல்பானதே. ஆயினும், அவ்விளைஞனைக் கொலைக்குத் தூண்டியது அவன் நெஞ்சில் நிறைந்த வெறுப்பு. அதனை எந்தப் பையிலிருந்து பறிமுதல் செய்வது?

பள்ளித் தலைமையாசிரியன் என்னும் முறையில் நான் தெளிவாகவே கூறுவேன்: நம் மாணவர் எவரும் கத்தியோடு பள்ளிக்கு வருதல் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எனினும், தடை விதிப்பதோடு ஆசிரியர் கடமை தீர்ந்துவிடாது. கைவினைப் பாடத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் கூரிய கருவியை முறையாகப் பிடிக்கவும், தன் உடலுக்கு அப்பால் வெட்டவும், பிறர் கையில் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுக்கவும் மாணவன் பழகல் வேண்டும். கூரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பிடியைப் பிறர்க்கு நீட்டும் அச்சிறு செயலில் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கருவியைக் கற்றவன் அதனை ஆயுதமாக்க நாணுவான்.

தேர்வின் நெறி

மடக்குக் கத்தி ஒன்றைத் தேர்ந்துகொள்ள விரும்பும் பெரியோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. இதனால் நான் செய்யப்போகும் பணி யாது? அப்பணிக்குப் போதுமான எஃகும் பூட்டும் எவ்விலையில் கிடைக்கின்றன? இதன் கூர் மழுங்கினால் தீட்ட எனக்குத் தெரியுமா? தெரியாதாயின், விலையுயர்ந்த கத்திக்கு முன் ஒரு நல்ல சாணைக்கல்லை வாங்குதல் சிறப்பு. இதற்குக் கொடுக்கும் பணம் என் குடும்பத்தில் எவருடைய தேவையைக் குறைத்து வந்தது? இதைச் செய்தவர்க்கு அவருக்குரிய கூலி சேர்ந்ததா? நான் செல்லும் இடத்தில் இது சட்டத்திற்கும் அயலார் அமைதிக்கும் இசைந்ததா? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை கண்டபின் எவரேனும் விலை மிக்க கத்தியையே தேர்ந்தால், அவரை நான் ஆடம்பரக்காரர் என்று சொல்லேன். இவற்றை எண்ணாமல் மலிவானதை வாங்கியவரை எளியர் என்றும் சொல்லேன்.

கத்திக்குச் சொன்னது கத்தியோடு நின்றுவிடுவதன்று. கைத்தொலைபேசியும், மகிழுந்தும், நாம் கற்ற கல்வியும்கூட இம்மூன்று வேற்றுமைகளுக்கு உட்பட்டவையே. கல்வியால் பிறர்க்குப் பயன் செய்கிறோமா? எனது கல்வி என்று சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோமா? கல்வியோடு வருகிறோம் என்று பிறரை அஞ்ச வைக்கிறோமா? வேற்றுமை உருபுகளை மாணவர்க்கு நடத்தும்போது இவ்வினாவையும் அவர்கள் முன் வைப்போமாக. ஒவ்வொருவரும் தத்தம் கைப்பொருளை எடுத்து, அதற்கும் தமக்கும் இடையே எவ்வுருபு நிற்கிறதென்று எழுதிப் பார்க்கட்டும். விடை எதுவாயினும் அது மதிப்பெண்ணுக்குரியதன்று, அவரவர் வாழ்க்கைக்குரியது.